கொடிக்காலில் கட்டைச் செருப்பு

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு யாரும் போக மாட்டார்கள். வேலி வாசல் படலைத் தள்ளுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி வேலியோரம் விட்டுவிட வேண்டும். தாசில்தாரே வந்தாலும் அப்படித்தான். செருப்பே இல்லாத எங்களைப் போன்ற ஆட்களுக்கு அதில் ஒரு சங்கடமும் கிடையாது. குளித்து, வாய் கொப்பளித்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே எச்சில் துப்பக் கூடாது. பொம்பளையாட்கள் படலோடு நின்றுகொள்ள வேண்டும். கொடிக்கு ரோசம் ஜாஸ்தி, தீட்டுப் பட்டால் தலையைத் தொங்கப் போட்டுவிடும் என்பார்கள்.

உள்ளே வெயிலே விழாது. அகத்தி வரிசை வரிசையாக நிற்கும். அதில் கொடியை ஏற்றிக் கோரையால் கட்டியிருக்கும். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் வாய்க்கால். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தகரத்தட்டால் இரண்டு பக்கமும் வாரி வாரி இறைக்க வேண்டும். சித்திரை மாதத்தில்கூட அந்த மண் காயாது. வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே நுழைந்தால் உடம்பு சிலிர்க்கும். அம்புட்டுக் குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சிக்குள் நின்றுதான் விருமாண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு நாலைந்து வருசம் முன்னால் நடந்தது இது. விருமாண்டிக்கு நாற்பது வயது இருக்கும். நாலு பங்காளிகள் சேர்ந்து போட்ட கொடிக்கால். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் பேயாண்டிதான் அதில் மூத்தவர். இறைக்கிறதில், கிள்ளுகிறதில், வளர்ந்த கொடியை இறக்கிக் கட்டுகிறதில் விருமாண்டிக்கு இணையான ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை. அப்படிப்பட்ட ஆள் ஏணியில் மூன்று படி ஏறியதும் அகத்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, அகத்திக்குக் காது குத்துறீங்களா?" என்றான் கீழே நின்ற காளை. அவனும் பங்காளிதான், சின்னப் பயல்.

"போடா... மூச்சு வாங்குதுடா."

"மூச்சு வாங்கத்தான் செய்யும். விட்டாத்தான் பயம்."

எல்லோரும் சிரித்தார்கள். விருமாண்டியும் சிரித்தார். பிறகு இறங்கி வரப்பில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

முகம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. ஊதுகாமாலை என்று சொல்லி வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். விளாங்குடியில் ஒருவர் மந்திரிப்பார் என்று கேள்விப்பட்டு அங்கே போய் வேப்பிலை அடித்து வந்தார்கள். வைத்தியர் கொடுத்த செந்தூரம் தின்றார். காலில் வீக்கம் வந்தது. காலையில் இருக்காது, அந்திக்குள் பானை மாதிரி ஆகிவிடும். அவருடைய சம்சாரம் ஜெயக்கொடி வீட்டில் உட்கார்ந்து வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கிக்கொண்டே அவர் நடந்து வருவதைப் பார்ப்பாள். வாசல்படி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்து நின்றுவிடுவார்.

"மருதைக்குப் போவம். எந்தம்பி ஒரு டாக்டரைச் சொல்றான்," என்றாள்.

"கொடி இறக்குற நேரம். பெறகு பாப்பம்."

"கொடிய எறக்கிட்டு உங்களையும் குழியில எறக்கணுமா?"

அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டதே என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் மறுநாள் காலை ரயிலுக்குப் புறப்பட்டார்.

ஜெயக்கொடியின் தம்பி காசிமாயன் செல்லூரில் தறிக்காரர்களுக்கு நூல் மூட்டை ஏற்றும் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் இருவரையும் கீழவாசல் பக்கம் டாக்டர் நாகசுப்பிரமணியனிடம் கூட்டிப் போனான். சௌராஷ்டிரக்காரர். வீட்டு ஆட்களோடு அவர்கள் பாஷையில் பேசுவார், நம்மிடம் தமிழில் பேசுவார். அதட்டல் என்பதே கிடையாது. விருமாண்டியைப் பார்த்து, "வாங்க, இப்படி உக்காருங்க," என்றார். விருமாண்டி திரும்பிப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். அவரை அதுவரை வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரும் 'வாங்க' என்று சொன்னதில்லை.

டாக்டர் கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தைப் பார்த்தார், கரண்டி மாதிரி குழிந்திருந்தது. நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விருமாண்டியின் பாதத்தைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்தார்.

"அய்யய்யோ, அய்யா, சேத்துக் கால்," என்று இவர் பதறி இழுத்தார்.

"இருங்க, இருங்க." கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தி எடுத்தார். அழுத்தின இடம் குழி விழுந்து அப்படியே நின்றது. "மண்ணு திங்கிறீங்களா?"

"மண்ணா? இல்லய்யா."

டாக்டர் ஜெயக்கொடியைப் பார்த்தார். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"திங்கிறாருங்க. செவத்துல சுண்டியெடுத்துத் திங்கிறாரு. நான் பாத்திருக்கேன். அடுப்பு மண்ணையும் விடுறதில்ல."

விருமாண்டிக்கு முகம் செத்துப் போனது. காசிமாயன் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே போய்விட்டான்.

"வெக்கப்படாதீங்க. உடம்புல ரத்தம் குறைஞ்சா நாக்கு மண்ணைத்தான் கேக்கும். அது நோய் கேக்குறது, நீங்க கேக்கல," என்றார் டாக்டர். "வெளிக்கு எங்க போவீங்க?"

"வாய்க்கா கரைதான்யா. வேலிக்கு இந்தப் பக்கம். கொடிக்காலுக்குள்ள போக மாட்டோம்."

"அந்த வாய்க்கா தண்ணி எங்க போகுது?"

"கொடிக்காலுக்குத்தான்."

டாக்டர் ஒரு சீட்டில் எதையோ எழுதிக்கொண்டார். "நாளைக்குக் காலையில ஒரு தீப்பெட்டியில கொஞ்சம் வெளிக்கிருந்ததை எடுத்துட்டு வாங்க. பெருசாக் காட்டுற கண்ணாடியில பாக்கணும்."

அன்றைக்கு செல்லூரில் காசிமாயன் வீட்டில் தங்கினார்கள். சாப்பிடும்போது காசிமாயன் தொடங்கிவிட்டான். "தீப்பெட்டியில பொன்வண்டு வச்சுப் பாத்திருக்கேன் மச்சான். இந்தச் சமாச்சாரம் வச்சுப் பாத்ததில்ல. அட, சீர்ப் பாத்திரம் மாதிரி பேரும் வெட்டிக் குடுக்கணுமோ?"

"சோத்தத் தின்னுறா எடுபட்ட பயலே," என்றாள் ஜெயக்கொடி.

விருமாண்டி அவளோடு பேசவில்லை. மண் தின்கிறதை அந்நிய மனுசன் முன்னால் போட்டு உடைத்துவிட்டாளே என்ற கோபம். ஊர் திரும்பின பிறகும் அந்தக் கோபம் தீரப் பல நாள் ஆனது. "என் துணிய அவுத்துட்டியே," என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் அவரைப் பற்றி யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்று அவளும் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் பித்தளைக் குழாய் வைத்த கண்ணாடியில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இருக்கு. ஏகப்பட்டது இருக்கு," என்றார். ஜெயக்கொடியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"என்ன தெரியுது?"

"என் கண் ரப்பை முடிதான்யா தெரியுது."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு விருமாண்டிக்கு விளங்கச் சொன்னார். ஈர மண்ணில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு இருக்கும். வெறுங்கால் வழியாக ஏறும். குடலில் போய்க் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும்.

"கால் வழியா எப்படிய்யா வயித்துக்குப் போகும்?"

"மழைக்காலத்துல விரலிடுக்குல பிடுங்கித் தின்னாப்ல அரிக்குமே, கொப்புளம் போடுமே?"

"ஆமா! ராவெல்லாம் சொரிஞ்சு சொரிஞ்சு..."

"அதான் அது நுழையிற வாசல்."

விருமாண்டி தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அரிப்பு எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சேற்றுப்புண் என்று மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவோம்.

கள்ளு, எண்ணெய், நெய் எதையும் தொடக் கூடாது என்று சொல்லி, வெறும் வயிற்றில் நெடியடிக்கிற மருந்து கொடுத்தார்கள். பிறகு பேதி உப்பு. டாக்டர் வீட்டுக் கொல்லையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். நூலை அரை விரல் அரை விரலாகக் கத்தரித்துப் போட்டது போலப் பூச்சிகள் வந்து விழுந்தன. விருமாண்டி அதைப் பார்த்துவிட்டு, "இதுகளுக்கா நான் சோறு போட்டுக்கிட்டிருந்தேன்," என்றார். கறுப்பு மருந்து ஒரு புட்டி கொடுத்தார் டாக்டர். ரத்தம் ஊறுவதற்கு. பல் கறுக்கும், பயப்பட வேண்டாம் என்றார்.

"முக்கியமா ஒண்ணு. இனிமே கொடிக்காலுக்குள்ள செருப்புப் போட்டுத்தான் இறங்கணும். இல்லாட்டி இத்தனையும் வீண். மறுபடி ஏறிடும்."

விருமாண்டி சிரித்தார். டாக்டர் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தார். "கொடிக்காலுக்குள்ளயா? செருப்பா?"

"ஏன்?"

இவர் கொடித் தீட்டைப் பற்றிச் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டார். கேலி செய்யவில்லை. "அப்போ வேற வேலை பாருங்க."

"வேற வேலை எனக்குத் தெரியாதுங்களே."

"சரி. யோசிச்சுப் பாருங்க. நானும் யோசிக்கிறேன்."

யோசித்தது ஜெயக்கொடி. ரயிலில் சமயநல்லூர் தாண்டும்போது, "தீட்டு தோலுக்குத்தான? கட்டைக்கு என்ன தீட்டு?" என்றாள். "சாமியாரு மாரு மிதியடி போட்டுக்கிட்டுக் கோயில் வாசல் வரைக்கும் போறாகளே."

ஊருக்கு வந்ததும் தச்சு வேலை பார்க்கும் மொக்கையனிடம் போனாள். குமிழ் வைத்த மிதியடி சேற்றில் நிற்காது, அடி அகலமாக வேண்டும், மேலே கயிற்று வார் வேண்டும் என்று சொல்லி வாகைக் கட்டையில் செய்து வாங்கினாள். அதைத் தூக்கிக்கொண்டு பேயாண்டி வீட்டுக்குப் போனாள்.

பேயாண்டி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"ஆணி அடிச்சிருக்கா?"

"இல்ல மாமா. கயிறுதான்."

"கொடிக்காலுக்குள்ள எங்கப்பன் போடாததம்மா இது."

"உங்கப்பாருக்கும் கடைசியில காலு வீங்கித்தான மாமா உசுரு போச்சு."

பேயாண்டிக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பிறகு, "தம்பி உசிருன்னு சொல்றே. நான் எப்படி வேணாங்கிறது. குளிச்சிட்டு, கட்டையையும் கழுவிட்டுப் போடச் சொல்லு. கொடிக்கு ஒண்ணுன்னா நான் பொறுப்பு இல்ல," என்றார்.

விருமாண்டி கட்டைச் செருப்போடு வரப்பில் டக்கு டக்கென்று வருவதைப் பார்த்ததும் காளை கும்பிட்டுக்கொண்டு நின்றான். "பண்டாரம் வாராரு, எல்லாரும் துன்னூறு வாங்கிக்கங்கப்பா!"

"வாங்கிக்கடா. உனக்குத்தான் மொதல்ல நெத்தியில அடிக்கணும்."

சேற்றில் கட்டை புதையும். ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் மாட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது வாய்க்காலுக்குள் விழுவார். இறைப்பு பாதியாகக் குறைந்துபோனது. அவருடைய பங்குப் பாத்திக்கும் சேர்த்து மற்றவர்கள் இறைக்க வேண்டியிருந்தது, முணுமுணுத்துக்கொண்டே இறைத்தார்கள். ஆனால் புரட்டாசி முடிவதற்குள் ஆள் தேறிவிட்டார். நாக்கில் சிவப்பு வந்தது. வாசல்படியைச் சுவர் பிடிக்காமல் ஏறினார். ஜெயக்கொடி தினமும் விளக்கு வைக்கிறதுக்கு முன்னால் அவர் கீழிமையை இழுத்துப் பார்ப்பாள். அவளுக்கு அதில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. காளையைப் பிடித்துப் பார்த்தாள், மற்ற ஆட்களையும் பார்த்தாள். கொடிக்கால் ஆம்பளைகள் முக்கால்வாசிப் பேருக்குக் கீழிமை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. சொன்னாள். "எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல மதினி, ராத்திரி முழிச்சிருந்தேன்," என்றான் காளை.

கறுப்பு மருந்து தீர்ந்ததும் டாக்டரிடம் போனார்கள். ஜெயக்கொடி கட்டைச் செருப்பில் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தாள். டாக்டர் அதை மேசை மேல் வைத்துப் பார்த்தார். மேசை மேல்!

"இது யார் யோசனை?"

"இவ யோசனைங்க," என்றார் விருமாண்டி.

"நான் இதைப் பத்து பேருக்குச் சொல்லுவேன். சோழவந்தான்ல ஒருத்தர் கட்டைச் செருப்புப் போட்டுக் கொடிக்கால்ல வேலை செய்யிறார், நோய் போச்சுன்னு." அப்போது உள்ளே வந்த இன்னொரு டாக்டரிடம் அவர்கள் பாஷையில் என்னமோ சொல்லி விருமாண்டியைக் காட்டினார். அந்த டாக்டரும் தலையை ஆட்டிச் சிரித்தார். திரும்பி வருகிற ரயிலில் விருமாண்டி யாரோடும் பேசாமல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. வாய்க்கால் உடைத்துக்கொண்டு கொடிக்காலுக்குள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் வாடல் கண்டது. கொடியின் அடித்தண்டு கறுத்து அழுகி, மேலே இலை பழுத்துத் தொங்கியது. முதலில் கண்டது விருமாண்டி வேலை பார்த்த பாத்திகளில். பள்ளமான பாத்திகள் அவை. தண்ணீர் அங்கேதான் அதிகமாக நின்றது. ஆனால் அதை யாரும் சொல்லவில்லை. விருமாண்டியும் சொல்லவில்லை.

பங்காளிகள் படலோரம் நின்றார்கள். பேயாண்டி ஒரு கொடியைப் பிடித்து லேசாக இழுத்தார். அடியோடு கையில் வந்துவிட்டது. அதை விருமாண்டி முன்னால் வைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல தம்பி."

"சொல்லுங்கண்ணே."

"சொல்ல என்ன இருக்கு. நாலு குடும்பம் இதத்தான் நம்பிக் கெடக்கு. நீயே பாத்துக்க."

காளை கேலி பேசவில்லை. அவன் பேசாமல் நின்றதுதான் விருமாண்டிக்குத் தாங்கவில்லை. குனிந்து கயிற்று வாரை அவிழ்த்தார். கட்டையை வாய்க்காலில் கழுவி, படலுக்கு வெளியே வேலி மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு வெறுங்காலோடு உள்ளே இறங்கி, அழுகிய கொடிகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

வீட்டில் ஜெயக்கொடி கத்தினாள், அழுதாள். "தண்ணி நின்னா கொடி அழுகாம என்ன செய்யும்? செருப்பா அழுக வச்சுச்சு?"

"எம்மனசுக்குத் தெரியும். நான் உள்ள எறங்குறப்பெல்லாம் திக்கு திக்குன்னுதான் இருந்துச்சு. அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

"எதுக்குத் தெரிஞ்சு போச்சு?"

"கொடிக்கு."



மறு வருசம் ஆடிக்குள் பழைய மாதிரி ஆகிவிட்டது. பழைய மாதிரி என்று சொல்லக் கூடாது. இந்தத் தடவை கால் வீக்கம் காலையிலும் வடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரோரம் உட்கார்ந்துகொண்டே தூங்கினார். அவர் சாய்ந்திருந்த இடத்தில் சுவரில் விரல் விரலாகச் சுண்டின தடம்.

"டாக்டர்ட்ட போவம்."

"அவருகிட்டயா?" என்றார். "பத்துப் பேருக்குச் சொல்றேன்னாரே."

"சொன்னா என்ன? கழத்திட்டோம்னு சொல்லுவம்."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். ஆனால் மூச்சு முட்டின ஒரு நாள் புறப்பட்டுவிட்டார். இந்தத் தடவையும் செல்லூரில் தங்கினார்கள். காலையில் அவரே தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் அவரைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். கையைப் பிடித்து உட்கார வைத்தார். "என்ன இது? கட்டைச் செருப்புப் போடுறீங்கல்ல?"

"போடுறேன்யா."

ஜெயக்கொடி தரையைப் பார்த்தாள். மண் தின்ற கதையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. தவிர, அவள் வேறொன்றும் நினைத்தாள். வாய் என்ன சொன்னால் என்ன, அந்தக் குழாய்க் கண்ணாடிக்குத் தெரியாமலா போய்விடும்?

டாக்டர் கண்ணாடியில் குனிந்தார். நிமிர்ந்தார். இன்னொரு கண்ணாடிச் சில்லில் பூசிப் பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்தார். ஜெயக்கொடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூச்சி இல்ல," என்றார் டாக்டர். "ஒண்ணுகூட இல்ல. நான் சொன்னபடி நடந்திருக்கீங்க. அது நல்லது. ஆனா ரத்தம் ஏன் இப்படிப் போச்சு?"

ஜெயக்கொடிக்கு நம்ப முடியவில்லை. வெறுங்காலோடு இறங்கியும் பூச்சி இல்லையா? கொடி மன்னித்துவிட்டதோ என்றுகூட ஒரு நிமிசம் நினைத்தாள்.

சிறுநீரைப் பிடித்துக் குழாயில் ஊற்றிச் சுட வைத்துப் பார்த்தார் டாக்டர். நெஞ்சில் வெகுநேரம் கேட்டார். முதுகைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் இருதயம் பலகீனப்பட்டிருக்கிறது என்றார். உப்பில்லாமல் பால் சோறு, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, மூன்று வேளைக்குச் சொட்டு மருந்து. "எனக்கு முழுசாத் திருப்தி இல்ல. ஒரு மாசம் பாப்போம்," என்றார். வாசல் வரைக்கும் வந்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

ஒரு மாதம் சொட்டு மருந்து குடித்தார். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. முகம் உப்பிக் கண் இடுங்கிப் போனது.

காசிமாயன் வண்டியைப் பூட்டிக்கொண்டு மச்சானைப் பார்க்க வந்தான். வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அக்காளிடம் கேட்டான். "டாக்டரு என்னதான் சொல்றாரு?"

"பூச்சி இல்லங்கிறாரு. இருதயமாம்."

"பூச்சி இல்லன்னா சொன்னாரு? எனக்குப் பூச்சி இல்லன்னு சொல்லு. சந்தோசம்."

"என்னடா சொல்ற?"

"அன்னைக்குத் தீப்பெட்டியில இருந்தது என்னோடதுல்ல. மச்சான் கேட்டாரு, மாப்ள, உன்னதக் கொஞ்சம் குடுறான்னு. வெத்தல பாக்கு கேட்டாக் குடுக்க மாட்டமா, அப்படிக் குடுத்தேன். என்னத்துக்குன்னு கேட்டதுக்கு, அய்யா மனசு நோகக் கூடாதுன்னாரு. நான் ஏதோ வெளையாட்டுன்னு..."

ஜெயக்கொடி கையிலிருந்த செம்பால் அவனை அடித்தாள். தோளில் அடித்தாள், முதுகில் அடித்தாள். அவன் தடுக்கவில்லை. அடிக்க அடிக்கத்தான் அவனுக்கும் விசயம் புரிந்தது. மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

மறுநாள் முதல் ரயிலில் அவள் தனியாகப் போனாள். டாக்டர் மேசைக்கு எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கட்டையைக் கழற்றினது, வாடல் கண்டது, தீப்பெட்டி.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"ஏம்மா அப்படிச் செஞ்சார்?"

"நீங்க அவரு காலைப் பிடிச்சுப் பாத்தீங்கள்ல. நீங்க பத்துப் பேருக்குச் சொன்னத எப்படிப் பொய்யாக்குறதுன்னுதான்..."

"இல்லாத நோய்க்கு ஒரு மாசம் மருந்து குடுத்திருக்கேன்," என்றார் அவர், அவளிடம் சொல்கிற மாதிரி இல்லை. பிறகு, "இப்ப அந்த நெடி மருந்தைக் குடுத்தா பூச்சிக்கு முன்னாடி அவர் போயிருவார். முதல்ல ரத்தம் ஊறணும். இங்க கொண்டாந்து படுக்க வைங்க. இரும்பு மருந்து, ஈரல் மருந்து எல்லாம் குடுத்துப் பாக்கலாம். தாங்குவார்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனா இன்னைக்கே கொண்டாங்க," என்றார். ஒரு கறுப்பு மருந்துப் புட்டியை அவள் கையில் கொடுத்தார். "ரயில்ல வேண்டாம், படி ஏற முடியாது. வண்டியில வைக்கோல் பரப்பிப் படுக்க வச்சுக் கொண்டாங்க."

அவள் திரும்பி வந்தபோது வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. காசிமாயன் சொல்லாமலேயே வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் சமுக்காளம் விரித்து, மாட்டைப் பூட்டி வாசலில் நிறுத்தியிருந்தான். பேயாண்டியும் காளையும் தூக்கிவிடுவதற்காக வந்து நின்றார்கள். பேயாண்டிக்கே மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

விருமாண்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வைஞ்சாரா?"

"வையல. வண்டி கட்டிக் கொண்டாங்கன்னாரு. எந்திரிங்க. காளை, அந்தப் பக்கம் பிடி."

காளை குனிந்து தோளில் கை கொடுத்தான். விருமாண்டி அந்தக் கையை விலக்கினார். விலக்குகிற அளவுக்கு அவரிடம் பலம் இருந்ததுதான் ஆச்சரியம்.

"ஒரு வார்த்தைகூட வையலயா?"

"இல்லங்கிறேன்ல. நல்ல மனுசன். எந்திரிங்க, இருட்டுறதுக்குள்ள சமயநல்லூரத் தாண்டணும்."

"நாலு வார்த்தை வைஞ்சிருந்தா வந்திருப்பேன்டி," என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சுப் பிடித்து விட வேண்டியிருந்தது. "செருப்பால அடிக்கணும் உன்னையன்னு சொல்லியிருந்தாக்கூட வந்து கால்ல விழுந்திருப்பேன். வையாத மனுசன் முன்னாடி எப்படிப் போயி நிக்கிறது?"

பேயாண்டி சொல்லிப் பார்த்தார். காசிமாயன் அழுதுகொண்டே காலைப் பிடித்தான். ஜெயக்கொடி புட்டியைத் திறந்து வாயில் ஊற்றப் போனாள். கறுப்பாகக் கடைவாயில் வழிந்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவளுக்கு அவரைத் தெரியும். இருபது வருசம் கூடக் குடித்தனம் நடத்தியவள். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வாசலுக்கு வந்தாள். நுகத்தடியில் நின்ற மாடுகள் வாலை வீசிக்கொண்டிருந்தன. வண்டிக்குள் வைக்கோல் மேல் விரித்த சமுக்காளத்தை உருவி எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மாட்ட அவுத்துக் கட்டுடா," என்றாள் தம்பியிடம்.